சம்மன் சீட்டும் நம் சம்பளமும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டக் கிளைகளின் பொறுப்பாளர்கள் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இந்த மேடையில் சம்பளத்தைப் பற்றிப் பேசியிருக்கிறோம். வீட்டைப் பற்றியும், ஆஸ்பத்திரியைப் பற்றியும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசியிருக்கிறோம். இன்று ஒரு சிறு துண்டுக் காகிதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சம்மன் என்று நாம் சொல்லுகின்ற அபராதச் சீட்டுதான் அது. ஐந்தடியில் குப்பை போட்டதற்கு ஒரு சீட்டு, பசியாறும் கடையில் சிகரெட் பிடித்ததற்கு ஒரு சீட்டு, மோட்டார் சைக்கிளை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு ஒரு சீட்டு. இதற்கெல்லாம் ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் எண்ணலாம். எண்ணுவது தவறில்லை. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தோம். எங்கள் எண்ணத்தை மாற்றிய ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கிள்ளானுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்துப் பால்வெட்டுத் தோழர் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தோழரின் பெயரும் வேண்டாம், சீட்டு எழுதிய மன்றத்தின் பெயரும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் பட்டணத்துக்குப் போனவர், பஸ் நிற்கும் இடத்தில் சிகரெட் துண்டைச் சாக்கடையில் போட்டார். அதிகாரி ஒருவர் கண்டு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். 100 வெள்ளி. சீட்டு முழுவதும் மலாயில் இருந்தது. அவருக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. கையில் பணம் இல்லை. அடுத்த வாரம் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்.

இங்கேதான் நாங்கள் வெட்கப்பட வேண்டிய செய்தி வருகிறது. எங்கள் அலுவலகத்திலிருந்த ஒருவர் சீட்டை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "சும்மா வெச்சிருங்க அண்ணே, வருசக் கடைசியில கழிவு குடுப்பானுங்க, அப்ப பாதியா கட்டிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தோழரும் நம்பிப் போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் சீட்டைச் செருகிவைத்தார். மாதங்கள் ஓடின. மன்றம் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றத்திலிருந்து வந்த கட்டளை அவருடைய அடையாள அட்டையில் இருந்த முகவரிக்குப் போயிற்று. அந்த முகவரியோ பழைய பிரிவின் லயம். லயத்தை இடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை, போகவேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. பிடிவாரண்டு பிறந்தது. ஒரு நாள் மாலை சாலைச் சோதனையில் போலீசார் அட்டையை வாங்கிப் பார்த்தனர். அன்று இரவு அவர் வீடு திரும்பவில்லை.

அவருடைய மனைவி இரவு 11 மணிக்கு எங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். "ஐயா, அவரு ஒருத்தரையும் அடிக்கல, ஒண்ணையும் திருடல. எதுக்கு ஐயா லாக்கப்புல வெச்சிருக்காங்க?" என்று அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு எங்களிடம் நேரான பதில் இல்லை. ஒரு சிகரெட் துண்டுக்காக என்று எப்படிச் சொல்வது? மறுநாள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தினார்கள். 400 வெள்ளி அபராதம். வேலை இரண்டு நாள் போயிற்று. 100 வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய காரியம், ஒரு குடும்பத்தின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவைத் தின்றுவிட்டது. குற்றத்தில் பாதி எங்களுடையது. இந்த உரைக்கு அதுவே காரணம்.

தோழர்களே! சீட்டு என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். நாம் எல்லாவற்றையும் சம்மன் என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. உண்மையில் இரண்டு வகைக் காகிதங்கள் உள்ளன.

முதலாவது கம்பவுண்டு. இது தீர்ப்பு அல்ல. "நீர் இந்தச் சட்டத்தின் இந்தப் பிரிவை மீறியதாக நாங்கள் கருதுகிறோம். இன்ன தேதிக்குள் இவ்வளவு பணம் கட்டினால் வழக்குத் தொடராமல் விட்டுவிடுகிறோம்" என்று மன்றமோ இலாகாவோ சொல்லும் ஒரு சமரச ஏற்பாடு. கட்டினால் விவகாரம் அதோடு முடிந்தது. நீதிமன்றம் உங்களைக் குற்றவாளி என்று தீர்த்ததாக ஆகாது. கட்டவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் அந்தத் தவற்றைச் செய்யவில்லை என்று உறுதியாக இருப்பவர் கட்டாமல் நீதிமன்றத்தில் வாதாடலாம்.

இரண்டாவதுதான் உண்மையான சம்மன். அது நீதிமன்றத்தின் கட்டளை. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன நீதிமன்றத்தில் நேரில் வந்து நிற்க வேண்டும் என்று அது சொல்லுகிறது. முதற் காகிதத்தைப் புறக்கணித்தால் பணச்செலவு கூடும். இரண்டாவது காகிதத்தைப் புறக்கணித்தால் பிடிவாரண்டு வரும். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் நீங்கள் இன்று இங்கிருந்து எடுத்துச் சென்றால் போதும், இந்தக் கூட்டம் வீண்போகவில்லை என்று மகிழ்வோம்.

இனி, இச்சட்டங்களின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். நம் நாட்டில் பொது இடத்து ஒழுங்கைப் பற்றிய பழைய சட்டம் ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டம் என்று அதற்குப் பெயர். சுதந்திரத்துக்கு இரண்டாண்டுக்கு முன்னால் பிறந்த சட்டம். அதன் 14ஆம் பிரிவு, பொது அமைதி குலையும்படி ஆபாசமாகவோ, மிரட்டும் வகையிலோ, இழிவாகவோ பேசி நடந்துகொள்வதைக் குற்றம் என்கிறது. தண்டனை 100 வெள்ளிக்கு மேற்படாத அபராதம். அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு, குடித்துவிட்டுத் தன்னிலை மறந்து பொது இடத்தில் கிடப்பவரைப் பற்றியது. முதல் முறைக்கு 25 வெள்ளி வரை அபராதம் அல்லது 14 நாள் வரை சிறை என்று அது எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் 25 வெள்ளி சிறிய தொகை அல்ல என்பது நம் முதியவர்களுக்குத் தெரியும்.

பிறகு வந்த சட்டங்கள் தொகையை உயர்த்தின. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் கீழ் மன்றங்கள் உபவிதிகளை இயற்றலாம். அவற்றை மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அச்சட்டத்தின் 119ஆம் பிரிவு இடம் தருகிறது. 2024 அக்டோபர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தடை செய்யப்பட்ட இடத்தில் புகைபிடித்த குற்றம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டால் 5,000 வெள்ளி வரை போகும். குப்பை போடுவதைப் பொறுத்தவரை, 2026 ஜனவரி 1 முதல் புதிய ஏற்பாடு வந்திருக்கிறது. 2,000 வெள்ளி வரை அபராதத்தோடு, 12 மணி நேரம் வரை சமூக சேவை செய்யவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். அதை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும். செய்யத் தவறினால் 2,000 முதல் 10,000 வெள்ளி வரை மீண்டும் அபராதம்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் குப்பை போட்டவருக்கும் கிள்ளானில் குப்பை போட்டவருக்கும் ஒரே சட்டம் அல்ல. கோலாலம்பூர், 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட பகுதி. சிலாங்கூர் மாநிலம் அதை ஏற்கவில்லை. கிள்ளானில் ஊராட்சிச் சட்டமும், 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும்தான் பேசும். 2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகர் மன்றமாக உயர்ந்தது. ஆகவே உங்கள் சீட்டை எந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது, அதன் தலைப்பில் எந்த மன்றத்தின் பெயர், எந்தச் சட்டத்தின் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோலாலம்பூர்ச் சீட்டைக் கிள்ளானில் கட்ட முயன்று அரை நாள் வேலையை இழந்தவர்கள் நம்மில் உண்டு.

அன்பர்களே! இந்தச் சட்டங்களே வேண்டாம் என்று சொல்ல நாங்கள் இங்கு வரவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சம்பள நாள் மாலையில் கடை வாசலில் நின்று கெட்ட வார்த்தை பேசுகிறவனால் துன்பப்படுவது யார்? துரைமார் வீட்டுப் பெண்களா? வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கின்ற நம் வீட்டுப் பெண்கள்தானே! பிரிக்பீல்ட்ஸ் வீதியில் நாம் வீசிய குப்பையை விடியற்காலையில் கூட்டுகிறவர் யார்? அவரும் நம்மைப்போல ஒரு தொழிலாளிதான். ஒழுங்கு என்பது முதலாளிக்கு மட்டும் வேண்டிய பொருள் அல்ல. பெரிய வீட்டுக்காரனுக்கு மதில் இருக்கிறது, காவல்காரன் இருக்கிறான். வீதியைத் தவிர வேறு திண்ணை இல்லாத ஏழைக்குத்தான் வீதி ஒழுங்கு அதிகம் வேண்டும்.

நிலையான அபராதத் தொகைக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. ஒவ்வொரு சிறு தவற்றுக்கும் நீதிமன்றப் படியேறினால், ஒரு நாள் பேர் போகும், வழக்கறிஞர் செலவு வரும், குற்றவாளி என்ற பெயரும் வரும். சீட்டில் தொகை எழுதியிருந்தால் அதைக் கட்டிவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் ஒரே தொகை என்பதால், அதிகாரி முகத்தைப் பார்த்து விலை சொல்லவும் முடியாது. இவை உண்மையான நன்மைகள்.

இந்த நன்மையின் அருமை, இந்தக் கிள்ளான் மண்ணில் பிறந்தவர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிய வேண்டும். 1941ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்றார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும். கூலியைச் சீனத் தொழிலாளரோடு சமமாக்கு என்று கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள். துரையும் கிராணிமாரும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் போக எங்களை அனுமதி என்றும் கேட்டார்கள்!

சைக்கிளை விட்டு இறங்காமல் போனது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி குற்றம்? எந்தச் சட்டத்திலும் இல்லை. துரையின் கோபமே சட்டம், துரையின் வாயே நீதிமன்றம். அந்தக் கோரிக்கையை வைத்ததற்கு நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர்கள் போயின. அதற்கும் முன்னே, ஒப்பந்தக் கூலி முறை இருந்த காலத்தில், வேலைக்கு வராததும் தோட்டத்தை விட்டுப் போனதும்கூட அபராதத்துக்கும் சிறைக்கும் உரிய குற்றங்களாக இருந்தன.

எழுதப்படாத தண்டனையிலிருந்து எழுதப்பட்ட தண்டனைக்கு வருவதற்கு நம்மவர்கள் அவ்வளவு விலை கொடுத்திருக்கிறார்கள். இன்று நம் கையில் ஒரு சீட்டு வருகிறது. அதில் சட்டத்தின் பெயர் இருக்கிறது, பிரிவு எண் இருக்கிறது, தொகை இருக்கிறது, தேதி இருக்கிறது. அது நம்மைத் தண்டிக்கும் காகிதம் என்பது உண்மை. அதே சமயம், அதில் எழுதியிருப்பதற்கு மேல் ஒரு காசும் கேட்க முடியாது என்று நம்மைக் காப்பதும் அதே காகிதம்தான். ஆனால், படித்துப் பார்க்காமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டால் எந்தக் காகிதமும் நம்மைக் காப்பாற்றாது.

வெளிநாட்டுச் செய்தி ஒன்றும் இங்கே பொருந்தும். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில், அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் ஜெர்மனியில் ஒரு கூட்டத்தில் பேசினார். குடித்துவிட்டு வீதியில் கலாட்டா செய்கிறவர்களைப் போலீசார் பக்கத்திலுள்ள வங்கிப் பணப் பொறிக்கு நடத்திச் சென்று, அந்த இடத்திலேயே 100 பவுண் அபராதம் கட்டவைக்க வேண்டும் என்றார். அதைக் கேட்டு முதலில் எதிர்த்தவர்களில் அந்நாட்டுப் போலீஸ் தலைவர்களும் இருந்தனர். குடிபோதையில் இருப்பவனிடம் நடுவீதியில் காசு வாங்குவது நடக்கக்கூடிய காரியமா? சில நாட்களில் அந்த யோசனை கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு, 2001இல், அவர்கள் சட்டம் இயற்றியபோது வேறு வழியை எடுத்துக்கொண்டார்கள். போலீசார் சீட்டு கொடுப்பார். பெற்றவருக்கு 21 நாள் அவகாசம். அதற்குள் கட்டலாம், அல்லது நீதிமன்றத்தில் விசாரிக்கும்படி கேட்கலாம். இரண்டும் செய்யாவிட்டால் தொகை ஒன்றரை மடங்காகும். பணக்கார நாட்டிலும்கூட நடுவீதியில் கைக்குக் கை பணம் மாறக்கூடாது என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் ஒரு பாடம் நடந்தது. கோவிட் நோய்க் காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. முதலில் கட்டுப்பாட்டை மீறினால் 1,000 வெள்ளி என்றிருந்தது. 2021 மார்ச் 11 முதல் அவசரகாலச் சட்டப்படி தனியாளுக்கு 10,000 வெள்ளி வரை, நிறுவனத்துக்கு 50,000 வெள்ளி வரை என்று உயர்த்தினார்கள். அந்த ஆண்டு மே மாதம் கோத்தா பாருவில் பர்கர் விற்ற ஒரு சிறு வியாபாரிக்கு 50,000 வெள்ளிக்குச் சீட்டு எழுதினார்கள் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. ஒரு தள்ளுவண்டிக்காரர் 50,000 வெள்ளிக்கு எங்கே போவார்? கட்டமுடியாத தொகையை எழுதினால், மக்கள் சட்டத்துக்கு அஞ்சமாட்டார்கள், சட்டத்தை நம்பவும் மாட்டார்கள்.

இங்கேதான் எங்கள் மனக்குறையைச் சொல்ல வேண்டும். நிலையான அபராதம் எல்லோருக்கும் ஒரே தொகை. ஆனால் எல்லோருக்கும் ஒரே வலியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 26 நாள் வேலை என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. 250 வெள்ளிச் சீட்டு என்றால் ஏறக்குறைய நான்கு நாள் உழைப்பு. 1,000 வெள்ளி என்றால் 15 நாளுக்கு மேல். 2,000 வெள்ளி என்றால் ஒரு மாதச் சம்பளம் முழுவதும் போய், கடனும் மிஞ்சும். மாதம் 10,000 வெள்ளி வாங்குகிறவருக்கு அதே 250 வெள்ளி ஒரு நாள் சம்பளம்கூட இல்லை. பின்லாந்து நாட்டில் 1921 முதலே, குற்றத்துக்கு இத்தனை நாள் வருமானம் என்று அபராதத்தைக் கணக்கிடும் முறை இருக்கிறது. நம் நாட்டில் அது உடனே வரும் என்று நாங்கள் கனவு காணவில்லை. ஆனால் அப்படியும் ஒரு முறை உலகத்தில் நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது என்பதை எடுத்துச் சொல்வது நம் கடமை.

இன்னொன்று கழிவுக் கணக்கு. சாலைக் குற்றச் சீட்டுகளுக்கு 2026 ஜனவரி முதல், 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 16 முதல் 30 நாளுக்குள் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு கழிவு என்ற ஏற்பாடு வந்தது. விரைவாகக் கட்டுகிறவருக்குக் குறைவு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் சம்பளம் எப்போது வருகிறது? அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். 10ஆம் தேதி சீட்டு வாங்கிய பால்வெட்டுத் தொழிலாளியின் கையில் 25ஆம் தேதி என்ன இருக்கும்? கழிவு முடிந்த பிறகுதான் சம்பளம் வரும். பணம் இருப்பவருக்குப் பாதி விலை, இல்லாதவருக்கு முழு விலை என்று ஆகிவிடுகிறதல்லவா? பாதிக் கழிவுக்கு ஒரு சம்பள நாளாவது இடையில் வரும்படி 40 நாள் அவகாசம் கொடுங்கள் என்று நாம் கேட்பது பெரிய சலுகை அல்ல.

இனி நீங்கள் செய்யவேண்டியவற்றைச் சொல்லுகிறோம். ஒவ்வொரு கிளையிலும் இதைப் பேசுங்கள்.

ஒன்று: சீட்டு கிடைத்த அன்றே யாரிடமாவது படித்துக் கேளுங்கள். எந்த மன்றம், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எவ்வளவு, கடைசித் தேதி எது என்ற ஐந்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: வீதியில் யார் கையிலும் பணம் கொடுக்காதீர்கள். "கோப்பிக் காசு குடு, சீட்டு எழுதாம விட்டுர்றேன்" என்று ஒருவர் கேட்டால், கொடுப்பதும் குற்றம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், வாங்கியவரைப் போலவே கொடுத்தவரையும் பிடிக்கும். 20 வெள்ளியில் தப்பித்தோம் என்று எண்ணுகிறவர், சிகரெட் துண்டுக் குற்றத்தை லஞ்சக் குற்றமாக வளர்த்துக்கொள்கிறார்.

மூன்று: தவறு செய்தது உண்மையானால், தேதிக்குள் மன்றத்தின் பணக் கவுண்டரில் கட்டி ரசீது வாங்குங்கள். தொகை தாங்கமுடியாவிட்டால், தேதி கடக்குமுன் நேரில் போய், சம்பளச் சீட்டைக் காட்டி, குறைக்கும்படி எழுத்து மூலம் கேளுங்கள். கேட்டால் எப்போதும் குறைப்பார்கள் என்று நாங்கள் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கேட்காதவருக்குக் குறைப்பவர் யாரும் இல்லை. பிற்பாடு கழிவு வரும் என்று காத்திருக்காதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டவர் கதையை இப்போதுதான் சொன்னோம்.

நான்கு: தவறு செய்யவில்லை என்றால் பயப்படாமல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் போகவேண்டிய நாளில் கட்டாயம் போக வேண்டும். மலாய் சரியாக வராதவர் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அபராதம் விதித்தாலும், கட்டுவதற்கு அவகாசமோ தவணையோ தர மாஜிஸ்திரேட்டுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 283ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. வாய் திறந்து கேட்க வேண்டும். வழக்குக் கொஞ்சம் பெரிதானால், 2011இல் அமைக்கப்பட்ட தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தையோ சட்ட உதவி இலாகாவையோ அணுகிப் பாருங்கள்.

ஐந்து: அடையாள அட்டையில் முகவரியை மாற்றுங்கள். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன! லயம் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. ஆனால் நம் அட்டையில் மட்டும் தோட்டம் இன்னும் பச்சையாக நிற்கிறது. நீதிமன்றக் கடிதம் இடிந்த லயத்தைத் தேடிப் போகிறது. பிடிவாரண்டு மட்டும் நம்மைச் சரியாகத் தேடி வந்துவிடுகிறது.

ஆறு: தோட்ட நிர்வாகமோ கங்காணியோ, "எச்சில் துப்பினாய், சண்டை போட்டாய்" என்று சொல்லிச் சம்பளத்தில் அபராதம் பிடித்தால், உடனே கிளைக்குச் சொல்லுங்கள். வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சம்பளத்தில் எவையெவற்றைப் பிடிக்கலாம் என்று வரிசையாகச் சொல்லுகிறது. அதிகமாகக் கொடுத்துவிட்ட சம்பளம், முன்பணம் முதலியவை அந்த வரிசையில் உண்டு. நிர்வாகம் தானே போட்டுக்கொண்ட அபராதம் அதில் இல்லை. ஒழுங்கு மீறல் இருந்தால் முறையாக விசாரணை வைக்கட்டும், அதில் நம் ஆளும் பேசட்டும். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்குள்ள நிர்வாகக் குழு, முறையாக இயற்றிய உபவிதிப்படி 200 வெள்ளிக்கு மேற்படாமல் அபராதம் போடச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேல் கேட்டால், எந்த விதி என்று எழுத்தில் கேளுங்கள்.

கிராணிமார் அன்பர்களே! உங்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். 1941இல் நம் பாட்டன்மார் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தபோது, அது துரைக்கு எதிராக மட்டும் வைத்த கோரிக்கை அல்ல, அக்காலத்துக் கிராணிமாருக்கும் எதிராக வைத்ததுதான். அந்தப் பழைய கசப்பை இன்று கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. காலம் மாறிவிட்டது. இன்று நீங்களும் அவர்களும் ஒரே கூடத்தில் அருகருகே உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் மலாய் படிப்பீர்கள், கைத்தொலைபேசியில் பணம் கட்டத் தெரியும், மன்றத்துக்குக் கடிதம் எழுதத் தெரியும். ஒரு பால்வெட்டுத் தோழர் கசங்கிய சீட்டோடு ஆபீஸ் வாசலில் தயங்கி நின்றால், ஐந்து நிமிடம் ஒதுக்கிப் படித்துச் சொல்லுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிடம். அந்தக் குடும்பத்துக்கு ஓர் இரவுத் தூக்கம்.

எங்கள் அலுவலகத்திலும் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். சீட்டோடு வருகிற ஒவ்வொருவருடைய பெயரையும் கடைசித் தேதியையும் ஒரு பதிவேட்டில் எழுதி, தேதி நெருங்கும்போது நாங்களே நினைவூட்டுகிறோம். "சும்மா வெச்சிருங்க" என்ற சொல்லை எங்கள் அலுவலகத்தில் இனி யாரும் சொல்லக்கூடாது என்று தீர்மானித்திருக்கிறோம்.

மன்றங்களையும் அரசாங்கத்தையும் நோக்கி நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. சீட்டின் பின்புறத்தில் தமிழிலும் சீனத்திலும், கடைசித் தேதியும் உரிமைகளும் நாலு வரியில் அச்சிடப்பட வேண்டும். கழிவுக்காலத்துக்குள் ஒரு சம்பள நாளாவது வரவேண்டும். குறைந்த வருமானக்காரர் நீதிமன்றம் போகாமலே தவணையில் கட்ட வழி வேண்டும். வாரண்டு கேட்குமுன், முகவரி இன்னும் இருக்கிறதா என்று ஒரு முறையாவது விசாரிக்க வேண்டும். இந்த நான்கிலும் சட்டத்தைத் தளர்த்தும்படி நாம் கேட்கவில்லை. ஏழையும் அதைக் கடைப்பிடிக்கக்கூடியதாக ஆக்கும்படியே கேட்கிறோம்.

அந்த அம்மாள் இரவில் கேட்ட கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை என்று சொன்னோம். இன்று ஒரு பதில் இருக்கிறது. அம்மா, உங்கள் கணவர் ஒரு சிறு தவறு செய்தார். நாங்கள் அதைவிடப் பெரிய தவறு செய்தோம். இனி இன்னொரு வீட்டில் அந்தத் தொலைபேசி ஒலிக்காதபடி பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

தோழர்களே! வீட்டுக்குப் போனதும் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு முறை கை விட்டுப் பாருங்கள். சீட்டு ஏதேனும் இருந்தால் நாளைக்கே கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.